முதுகு மட்டும் போதாது

படத்தைப் பெரிதாக்குவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். இது எந்தச் செடியில் உட்கார்ந்திருந்தது? ஏதோ ஒரு பச்சைச் செடி என்றால் விடமாட்டேன். டீ இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். எருக்கா, கறிவேப்பிலையா, வேலியில் படர்ந்த கொடியா? பூவில் தேன் குடித்துக்கொண்டிருந்ததா, இலைக்கு இலை தாவி முட்டை வைத்துக்கொண்டிருந்ததா? எந்த ஊர், எந்த மாதம், காலையா உச்சி வெயிலா? படம்தான் பளிச்சென்று இருக்கிறதே, பார்த்துப் பெயரைச் சொல்ல வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். சிக்கலே அங்கேதான். படம் நன்றாக இருக்கிறது. பெயர் சொல்ல எனக்குத் தேவையான இடம்தான் அதில் இல்லை.

பூச்சியைப் படமெடுப்பதில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. சுவரில் மாட்ட எடுப்பது ஒன்று, யாரென்று தெரிந்துகொள்ள எடுப்பது இன்னொன்று. முதலாவதற்கு வெளிச்சமும் பொறுமையும் போதும். இரண்டாவதற்கு, கேமராவைத் தூக்குவதற்கு முன்பே எந்தப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். உலகத்தில் இதுவரை பெயரிடப்பட்ட பூச்சி இனங்கள் சுமார் 10 லட்சம். அவற்றில் வண்டுகள் மட்டுமே கிட்டத்தட்ட 4 லட்சம். இந்தக் கூட்டத்தில் ஒருவரைத் தனியாகப் பிரித்தெடுக்கிற அடையாளம் ஒருவருக்குச் சிறகின் அடிப்பக்கத்தில் இருக்கும், இன்னொருவருக்கு வால் நுனியில் இருக்கும், மற்றொருவருக்கு முகத்தில் இருக்கும். நாமோ எல்லாப் பூச்சியையும் மேலிருந்து, முதுகைத்தான் எடுக்கிறோம்.

உங்கள் படத்தையே எடுத்துக்கொள்வோம். கறுப்புச் சிறகு, பின்சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறைகள், கீழே வால். தமிழ்நாட்டில் இந்த வருணனைக்குப் பெரும்பாலும் இருவர் பொருந்துவார்கள். ஒருவர் ரோஜா அழகி. அதன் புழு ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை இவற்றின் இலையைத் தின்று வளரும். அந்தச் செடிகளின் நச்சு புழுவின் உடம்பில் சேர்ந்து, சிறகு முளைத்த பிறகும் அங்கேயே தங்கிவிடும். ஒரு தடவை கொத்திப் பார்த்த பறவை மறு தடவை அந்தச் சிவப்பையும் கறுப்பையும் கண்டால் கிட்டே வராது. இன்னொருவர் கறிவேப்பிலை அழகி. அதன் புழு தின்பது கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை. நாம் ரசத்தில் போடுகிற இலை. அதில் ஏது நஞ்சு?

ஆகவே கறிவேப்பிலை அழகியின் பெண்கள் வேஷம் போடுகின்றன. எல்லாப் பெண்களும் அல்ல. சில பெண்கள் ஆணைப் போலவே, கறுப்பில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு இருக்கும். சில ரோஜா அழகியை அச்சாகப் போல இருக்கும். இன்னும் சில, ரோஜா அழகியின் நெருங்கிய உறவான சிவப்புடல் அழகியைப் போல, முன்சிறகில் வெள்ளைப் பட்டையோடு வரும். ஒரே இனத்துப் பெண்களுக்கு மூன்று தோற்றம். பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டே, சிகாகோ ஆய்வாளர்களோடு சேர்ந்து 2014-இல் இதன் மரபணுக் காரணத்தை வெளியிட்டார். ஆண், பெண் உடல் வேறுபாட்டைத் தீர்மானிக்கிற ஒற்றை மரபணு ஒன்றுதான் இந்த முழு ஒப்பனையையும் மாற்றிப் போடுகிறது. சிறகின் வடிவம், நிறம், பட்டை எல்லாம் ஒரே சாவியில் திறக்கும் என்று அதற்கு முன் பலர் நினைத்திருக்கவில்லை.

சரி, படத்தில் இருப்பது யார்? சிறகைப் பார்த்துக்கொண்டிருந்தால் இரவு முழுக்கப் பார்க்கலாம். உடம்பைப் பாருங்கள். ரோஜா அழகிக்குத் தலையும், உடம்பின் பக்கங்களும், வால் நுனியும் சிவப்பு. வேஷக்காரிக்கு உடம்பு கறுப்பு. சிறகுக்கு ஒப்பனை செய்த இயற்கை உடம்பை அப்படியே விட்டுவிட்டது. உங்கள் படம் நேர் மேலிருந்து எடுத்தது. சிறகு விரிந்து அமோகமாக இருக்கிறது, உடம்பு கறுப்பு நிழலாகத் தெரிகிறது. பக்கத்திலிருந்து ஒரே ஒரு படம், கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, எடுத்திருந்தால் இந்தப் பேச்சே தேவைப்பட்டிருக்காது. செடியைக் கேட்டதற்கும் காரணம் இதுதான். கறிவேப்பிலைக் கொழுந்தில் அது வயிற்றை வளைத்து முட்டை வைத்துக்கொண்டிருந்தால், உடம்பைப் பார்க்காமலே நான் சொல்லிவிடுவேன்.

பட்டாம்பூச்சிகளில் இதைப்போல நிறைய உண்டு. எருக்குப் புதரைச் சுற்றும் ஆரஞ்சு நிற வெந்தய வரியனையும் நஞ்சுக்குப் பயந்து பறவைகள் விட்டுவிடும். டனாய்டு எக்ஃபிளை என்று ஆங்கிலத்தில் வழங்கும் இன்னொரு பட்டாம்பூச்சியின் பெண் அதேபோல உடுத்திக்கொண்டு திரியும். அதன் ஆணோ முழுக் கறுப்பில் பெரிய வெள்ளைப் பொட்டுகளோடு சம்பந்தமே இல்லாமல் இருக்கும். வெந்தய வரியனின் பின்சிறகு நடுவில் மூன்று நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். போலியிடம் அந்தக் கூட்டம் இருக்காது. புல்வெளியில் தாழப் பறக்கும் சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க எல்லாம் ஒன்றுதான். சிறகு மூடி உட்காரும்போது முன்சிறகின் அடிப்பக்கத்தில், உடம்பை ஒட்டிய பகுதியில், எத்தனை புள்ளி என்று எண்ண வேண்டும். ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதைப் பொறுத்து இனம் மாறும். விரல்நகம் அளவே இருக்கும் நீல வகைகளுக்கும் அடிப்பக்கம்தான் அடையாளம். விரித்த சிறகின் நீலம் கண்ணைப் பறிக்குமே தவிர யாரென்று சொல்லாது.

இதில் பருவம் வேறு குறுக்கே வரும். மாலையில் விளக்கு வைத்ததும் வீட்டுக்குள் வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் பழுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் பிறந்ததற்குச் சிறகின் அடியில் வரிசையாகக் கண்புள்ளிகள் இருக்கும். கோடையில் பிறந்தது காய்ந்த சருகு மாதிரி, புள்ளி அநேகமாக அழிந்துபோய் இருக்கும். இரண்டும் ஒரே இனம். தேதியைக் குறிக்காத படத்தில் இவை இரண்டு வெவ்வேறு பூச்சிகளாகத்தான் தெரியும்.

பட்டாம்பூச்சியைத் தவறாகச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை என்று நினைக்கிறீர்களா? இருக்கலாம். கத்திரித் தோட்டத்தில் நட்டம் உண்டு. பொறிவண்டு தெரியுமில்லையா, சிவப்போ ஆரஞ்சோ நிறத்தில் அரைக் கடலை மாதிரி. பெரும்பாலான பொறிவண்டுகள் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்று விவசாயியைக் காப்பாற்றுகிறவை. ஆனால் அதே குடும்பத்தில் இலையைத் தின்கிற எபிலாக்னா வண்டும் இருக்கிறது. கத்திரி, உருளை, பாகல் இலைகளில் பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பு வலையை மட்டும் மிச்சம் வைக்கும். தோட்டத்தில் புள்ளி வண்டைக் கண்டதும் மருந்து அடிப்பவர்கள் இந்த இரண்டில் எதை அழிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த மாதம் அசுவினி பெருகுமா இல்லையா என்பது அமையும்.

வித்தியாசம் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எபிலாக்னாவின் முதுகில் பொடிப்பொடியான மயிர் இருக்கும், அதனால் பளபளப்பு வராது, செம்பு துலக்காமல் கிடக்கிற மங்கல். புள்ளிகள் நிறைய. ஓர் இனத்தின் அறிவியல் பெயரிலேயே 28 என்ற எண் இருக்கிறது. நன்மை செய்கிற வண்டோ மெருகு போட்டதுபோல மின்னும். நம் ஊரில் அதிகம் தென்படுவதன் முதுகில் கறுப்பு நெளிகோடுகள் ஓடும். அதற்கு வைத்த அறிவியல் பெயர் ஆறு புள்ளிக்காரன். பல வண்டுகளில் ஆறு புள்ளியைத் தேடினால் கிடைக்காது, கோடுதான் கிடைக்கும். பெயரை நம்பிப் புள்ளி எண்ண வேண்டாம். புழுப் பருவத்தில் குழப்பமே இல்லை. எபிலாக்னா புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முள்ளோடு இலையடியில் நகராமல் மேயும். மற்றது கருத்த, நீண்ட, சுறுசுறுப்பான ஜந்து. அசுவினிக் கூட்டத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்ததும் நசுக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம், பார்க்க அவ்வளவு விகாரம். ஆகவே பொறிவண்டைப் படமெடுத்தால் அது உட்கார்ந்திருக்கும் இலையையும் சேர்த்து எடுங்கள். இலை வலையாகி இருக்கிறதா, அசுவினி அப்பியிருக்கிறதா என்பது வண்டின் புள்ளியைவிடச் சீக்கிரம் பதில் சொல்லும். பளபளப்பு தெரிய வேண்டுமானால் ஃபிளாஷ் வேண்டாம். ஃபிளாஷ் பட்டால் மங்கலானதும் மின்னிவிடும்.

வண்டு என்று நாம் சொல்பவற்றில் பாதி வண்டு இல்லை என்பது இன்னொரு சங்கதி. வெண்டைக்காயிலும் பருத்தியிலும் இலவ மரத்தடியிலும் ஒன்றோடொன்று பின்பக்கம் ஒட்டிக்கொண்டு இழுத்துத் திரியுமே சிவப்புப் பூச்சி, அது வண்டு அல்ல, நாவாய்ப்பூச்சி. வண்டுக்குக் கடிக்கும் தாடை, நாவாய்ப்பூச்சிக்கு உறிஞ்சும் ஊசி. வண்டின் முன்சிறகு இரண்டும் கெட்டியான ஓடாகி, முதுகின் நடுவே நேர்கோட்டில் சந்திக்கும். நாவாய்ப்பூச்சியின் முன்சிறகு பாதி தோல், பாதி சவ்வு. ஒன்றின்மேல் ஒன்று மடியும்போது முதுகில் பெருக்கல் குறி தெரியும். இங்கே மட்டும் முதுகுப் படம்தான் சரியான படம். ஆனால் நகை மாதிரி பச்சையில் மினுங்கும் நாவாய்ப்பூச்சி ஒன்று இதிலும் ஏமாற்றும். அதன் முதுகு முழுக்க ஒரே கேடயம், கோடுமில்லை, குறியுமில்லை. கோடு இல்லையென்றால் வண்டு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கவிழ்ந்து கிடந்தாலோ பக்கவாட்டில் எடுத்தாலோ வயிற்றோடு ஒட்டிய ஊசி தெரியும்.

அந்தச் சிவப்புப் பூச்சியின் அறிவியல் பெயருக்குள் கோனிக் என்ற ஒருவர் இருக்கிறார். யோஹன் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் மாணவர், 18-ஆம் நூற்றாண்டில் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். இங்கிருந்து செடிகளையும் பூச்சிகளையும் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அங்கே ஃபாப்ரீசியஸ் என்பவர், அவரும் லின்னேயஸிடம் படித்தவர்தான், வந்த பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரிலும் இதே கோனிக்தான் இருக்கிறார். நம் கொல்லையில் ஒரு செடியும் ஒரு பூச்சியுமாக அவர் இன்னும் குடியிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் குத்தூசியில் செருகிய செத்த பூச்சியைப் பார்த்துப் பெயரிட்டார்கள். தும்பியின் கண் நிறமும் உடம்பு நிறமும் அது செத்த சிறிது நேரத்தில் மங்கிவிடும். உயிரோடு எடுத்த படத்தில் இருப்பது அருங்காட்சியகத்து டிராயரில் இல்லை. டிராயரில் இருக்கிற பூச்சியைப் புரட்டிப் பார்க்கலாம், அறுத்துப் பார்க்கலாம். நம் படத்தை அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் பல கோணம் எடுத்துவையுங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொள்கிறேன்.

தும்பி என்றதும் நினைவு வருகிறது. முதலில் அது தட்டானா, ஊசித்தட்டானா என்று பாருங்கள். ஊசித்தட்டானின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் விலகி நிற்கும், பெரும்பாலானவை உட்காரும்போது சிறகை முதுகின்மேல் சேர்த்துக்கொள்ளும். தட்டான் சிறகை விரித்தே வைத்திருக்கும், கண்கள் பெரும்பாலும் ஒட்டி நிற்கும். அதற்குமேல் இனம் சொல்ல மார்பின் பக்கக் கோடுகள் வேண்டும், சிறகு நுனியருகே இருக்கும் சின்ன நிறப்பொட்டு வேண்டும், ஆணாக இருந்தால் வால் நுனியின் கொடுக்குகள் வேண்டும். பெண்ணைப் பிடித்துக்கொள்ள உதவும் அந்தக் கொடுக்குகளின் வளைவில்தான் பல இனங்களின் முகவரி இருக்கிறது. வயல் ஓரத்தில் ரத்தச் சிவப்பாய் உட்காரும் தட்டானைத் தெரிந்தவர்கள்கூட அதன் மஞ்சள் நிறப் பெண்ணை வேறு இனமாக எழுதிவைப்பார்கள். ஆணும் சின்ன வயதில் பெண் மாதிரி மஞ்சளாகத்தான் இருக்கும் என்பது மேலும் ஒரு தொல்லை. இங்கே ஃப்ரேசர் என்ற ராணுவ மருத்துவர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக எழுதிய தும்பி நூல்கள்தான் இன்றும் அடித்தளம். அதில் கொடுக்குகளின் படங்களைப் பக்கம் பக்கமாக வரைந்திருப்பார்.

தட்டானைப் படமெடுப்பது கஷ்டம் என்பார்கள். என்னைக் கேட்டால் பட்டாம்பூச்சியைவிட எளிது. கிட்டே போனால் பறக்கும், சரி. ஆனால் பல தட்டான்கள் ஒரே குச்சி நுனியை வாடகைக்கு எடுத்தமாதிரி, ஒரு சுற்றுப் போய்விட்டு அதே இடத்துக்குத் திரும்பும். துரத்தாமல் குச்சியருகே உட்கார்ந்துவிட்டால் போதும். உச்சி வெயிலில் வாலைச் செங்குத்தாக வானத்துக்குத் தூக்கி நிற்கும், உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைக்க. அந்த நேரத்தில் வால் நுனி பளிச்சென்று கிடைக்கும்.

பூவில் மொய்ப்பதெல்லாம் தேனீ இல்லை. தேனீ மாதிரியே மஞ்சள் கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு அந்தரத்தில் அசையாமல் நிற்கும் பூச்சி உண்டு. அது ஈ, கொட்டாது. ஈக்கு ஒரு ஜோடிச் சிறகு, தேனீக்கு இரண்டு ஜோடி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். படத்தில் அது உதவாது. தேனீயின் முன்சிறகும் பின்சிறகும் சின்னக் கொக்கிகளால் மாட்டிக்கொண்டு ஒன்றாகவே தெரியும். முகத்தை எடுங்கள். ஈக்குக் கண் முகத்தையே அடைத்திருக்கும், உணர்கொம்பு குட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். தேனீக்கு முழங்கை மாதிரி வளைந்த நீண்ட கொம்பு.

கால் எண்ணுவதை மட்டும் மறந்துவிடாதீர்கள். மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறுகளின் நடுவே முசுறு போலவே ஒரு சிலந்தி நடமாடும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டு போகும். மிச்சக் கால்களை எண்ணினால் ஆறு, சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுவோம். ஆண் சிலந்திக்குத் தாடை நீண்டு, ஓர் எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிப் போவதுபோல் இருக்கும். முதல் மழைக்குப் பின் செம்மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சியும் பூச்சி அல்ல, அதற்கும் எட்டுக் கால்தான்.

இனி கேமராவுக்கு வருவோம், சுருக்கமாகவே சொல்கிறேன். எதை வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில், முதலில் ஒன்றும் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போனே பட்டாம்பூச்சிக்கும் பெரிய வண்டுக்கும் போதும். போனைப் பூச்சியின் முகத்தில் ஒட்டாமல் ஓரடி தள்ளி வைத்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் நிழல் விழாது. எறும்பு, சிறு ஈ போன்றவற்றுக்குப் போனில் மாட்டும் சின்ன மேக்ரோ லென்ஸ் உதவும், ஆனால் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் போக வேண்டியிருக்கும். கேமரா வைத்திருப்பவர்கள், பூச்சி தன் உண்மையான அளவிலேயே சென்சாரில் பதிகிற மேக்ரோ லென்ஸ் வாங்கலாம். காசு அதிகம் என்றால் பழைய 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்டும் வளையம் ஒன்றே ஏறத்தாழ அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடும்.

அங்கே வேறொரு பிரச்சினை காத்திருக்கும். உண்மை அளவில் எடுக்கும்போது, முழு அளவு சென்சாரும் எஃப் 11-ம் வைத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கண் தெளிவாக இருந்தால் வால் மசங்கும். அப்பர்ச்சரை இன்னும் சுருக்கலாமே என்றால், எஃப் 16-ஐத் தாண்டினால் ஒளிச்சிதறலால் எல்லாமே லேசாக மங்கும். வழி ஒன்றுதான். நமக்குத் தேவையான பகுதி எதுவோ அதற்கு இணையாகக் கேமராவைப் பிடிப்பது. மூடிய சிறகு வேண்டுமானால் பக்கவாட்டில், அதன் தளத்துக்கு நேராக. முகம் வேண்டுமானால் நேர் எதிரில். சாய்வாக எடுத்த படம் பார்க்க நன்றாக இருக்கும், அளக்கவோ எண்ணவோ உதவாது. ஃபிளாஷ் போடுவதானால் முன்னால் வெள்ளைக் காகிதமோ மெல்லிய தெர்மோகோல் தாளோ கட்டி ஒளியைப் பரப்புங்கள்.

வெயில் ஏறாத காலைதான் நல்ல நேரம். பூச்சிகளின் உடம்புச் சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது, குளிரில் அவற்றால் சட்டென்று பறக்க முடியாது. பட்டாம்பூச்சிகள் அப்போது வெயில் காயச் சிறகை விரித்து உட்காரும், மேல்பக்கம் கிடைக்கும். உச்சியில் மூடிக்கொள்ளும், அடிப்பக்கம் கிடைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் ஈர மணலில் ஆண் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உப்பு உறிஞ்சும்போது குப்புறப் படுத்து ஊர்ந்து போனால் கையெட்டும் தூரம்வரை விடும். உங்கள் நிழல் மட்டும் அவற்றின்மேல் விழக் கூடாது. முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள், செடியோடு, இடத்தோடு. அப்புறம் ஓரடி, மறுபடி ஒரு படம். பூச்சி பாதியில் பறந்தாலும் கையில் ஏதாவது மிஞ்சும்.

பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரக்கவைத்து எடுப்பது, பசை வைத்து ஒட்டி எடுப்பது எல்லாம் நடக்கிறது. கிளையில் அசாத்தியமான கோணத்தில் கால் தூக்கி நிற்கிற பூச்சியைப் படத்தில் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அது கொடுமை என்பதோடு, அடையாளம் காணவும் உதவாது. இயல்பாக எந்தச் செடியில், எப்படி உட்காரும் என்பதே ஓர் அடையாளம், அது பொய்யாகிவிடும். பிடித்துச் சேகரிப்பதிலும் கவனம் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியல்களில் பட்டாம்பூச்சிகளும் உண்டு.

செயலியிடம் கேட்டால் போதாதா என்பீர்கள். கேளுங்கள், நானும் கேட்பேன். ஐநேச்சுரலிஸ்ட் போன்றவை ஒரு நொடியில் ஐந்தாறு பெயர் காட்டும். குடும்பம்வரை பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்குக் கீழே, முன்பு அதிகம் படமெடுக்கப்பட்டவற்றின் பக்கம்தான் சாயும். நம் ஊர்ச் சிறு ஈக்கு அமெரிக்க ஈயின் பெயரைத் தந்தால், அந்த இனம் இங்கே வாழ்கிறதா என்று வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். செயலி காட்டுவதை ஆளோடு வைத்துப் பார்க்க, எந்த உறுப்பை ஒப்பிட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரோஜா அழகி என்று அது சொன்னால், உடம்பு சிவப்பா என்று நீங்கள் கேட்க வேண்டும்.

சில சமயம் எல்லாக் கோணமும் எடுத்தும் பெயர் வராது. இந்தியாவில் பட்டாம்பூச்சிகள் 1,300-க்குச் சற்று மேல், அந்துப்பூச்சிகளோ 10,000-க்கும் மேல். அமாவாசையை ஒட்டிய இரவில் மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பின்னால் விளக்கைப் போட்டுப் பாருங்கள், பத்து மணிக்குள் துணி நிறைந்துவிடும். அவற்றில் பலவற்றை வயிற்று நுனியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரிக்க முடியும். எந்தக் கேமராவும் அங்கே போகாது. அப்போது குடும்பத்தின் பெயரோடோ பேரினத்தின் பெயரோடோ நிறுத்திக்கொள்வதுதான் சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊகித்து இனப் பெயர் போட்டால் அடுத்தவர் அதை நம்பித் தன் படத்துக்கும் போடுவார். துணியில் வந்தவற்றை எடுத்து முடித்ததும் விளக்கை அணைத்து வேட்டியை உதறிவிடுங்கள். விடியும்வரை அங்கேயே கிடந்தால் காக்கையும் கரிச்சானும் வந்து காலி செய்துவிடும்.

பெயர் உறுதியாகத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் பொறுமைக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. புழுவிலிருந்து தொடங்குவது. அரளியில் புழுவைப் பார்த்தால் அந்தக் கிளையை நாள்தோறும் போய்ப் பாருங்கள். ஒரு நாள் இலையடியில் வெள்ளியில் வார்த்ததுபோல் ஒரு கூட்டுப்புழு தொங்கும். எலுமிச்சையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கிடப்பது சில நாளில் பச்சைப் புழுவாகும். ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து வைத்தால், சிறகு விரிந்து வெளியே வருவதன் பெயரோடு அதற்கு முந்தைய படங்கள் அத்தனைக்கும் பெயர் கிடைத்துவிடும். உங்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதென்று சொன்னீர்களே, கொழுந்து இலைகளைத் திருப்பிப் பாருங்கள். ஏறத்தாழக் கடுகளவில், வெளிர் மஞ்சளில் உருண்டையாக ஒன்று ஒட்டியிருந்தால் அது முட்டை. இலையைக் கிள்ளாமல் படமெடுத்து, தேதியையும் எழுதிவையுங்கள்.